மூன்றாம் நாள் இறங்கிய காய்ச்சல்

1. முதல் நாள் பாடம்

விருத்தாசலத்தில் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"இந்தாம்மா, ஜங்ஷன்ல எறங்கி வர்றவங்களுக்குத் திரும்பிப் போற வண்டி இருக்குது. ரிப்போர்ட்டுக்கு உக்கார வைக்காத. நாம லேட் பண்ணுனா அடுத்த லேபுக்கு நாமளே ஆள் அனுப்புற மாதிரி."

தலையை ஆட்டினேன். ரத்தம் எடுப்பது, ஸ்லைடு பார்ப்பது எல்லாம் டிப்ளமோவிலேயே வந்துவிட்டது. வேகம் மட்டும் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்.

அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. யூரினில் ஆல்புமின் பார்க்க வேண்டும் என்றால் டெஸ்ட் ட்யூபில் முக்கால் அளவு ஊற்றி, மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் ஆசிட் விடுவோம். அதற்குப் பிறகும் கலங்கல் நின்றால் கிட்னி புரதத்தை ஒழுக விடுகிறது என்று அர்த்தம். இந்த வேலையில் எனக்குக் கை சுத்தம் என்று பெயர் இருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. காய்ச்சல்காரர்களுக்கு ஃபீவர் பேக்கேஜ் என்று ஒரு ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ரத்த அணுக்கள், டைபாய்டுக்கு வைடால், மலேரியா. இரண்டாம் பக்கம் யூரின். அந்த இரண்டாம் பக்கத்தில் எல்லாம் நார்மல் என்று முன்கூட்டியே டைப் அடித்திருக்கும். மாறியிருந்தால் நாம் திருத்த வேண்டும். ஆல்புமின் என்ற வரியிலும் நெகட்டிவ் என்று தயாராக உட்கார்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கூட்டம் படிக்கட்டு வரை நிற்கும். டாக்டர் பார்ப்பது பிளேட்லெட்டும் வைடாலும். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை. நானும் வரிசையாக இருக்கும் கப்புகளை ஒரு பார்வை பார்ப்பேன். தெளிவாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாமல் பிரிண்ட் கொடுத்துவிடுவேன். இப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மற்ற லேப்களைப் பற்றி எனக்குத் தெரியாது, என்னைப் பற்றித் தெரியும். விளக்கில் தூசி படிந்துவிட்டது.

2. மூணு நாள் பாத்துட்டு வாங்க

செல்வராசு செராமிக் பட்டறையில் வார்ப்பு வேலை பார்ப்பவர். பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கரைசலை ஊற்றிப் பொம்மை எடுப்பார். மனைவி வசந்தா. பெரியவன் பிரபு, சின்னவள் இலக்கியா. பிரபுவை முதலில் கூட்டி வந்தபோது அவனுக்கு ஆறு வயது. ஊசியைப் பார்த்து அழாத பையன். காய்ச்சலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காச்ச வந்தா வவுறு வலிக்குது, நெஞ்சு குத்துதுங்கிறான், லேப்பம்மா. மூணு நாளாச்சு" என்றாள் வசந்தா.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாள் மெடிக்கலில் மாத்திரை. இரண்டாம் நாள் அதே மாத்திரை. டாக்டரும் "மூணு நாள் பாத்துட்டு டெஸ்ட் எடுங்க" என்றுதான் சொல்வார். அது தப்பும் இல்லை, பெரும்பாலான காய்ச்சலுக்குப் பொருந்தும். பிரபுவுக்கு மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தேன். வைடால் லேசாக ஒட்டியது, அதாவது லேசான பாசிட்டிவ், ஒன்றுக்கு எண்பது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவ்வளவு ஒட்டும். டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். சாயங்காலமே காய்ச்சல் இறங்கியது.

அடுத்த மாதம் திரும்ப வந்தான். மறுபடி மூன்றாம் நாள், மறுபடி எண்பது, மறுபடி ஊசி, மறுபடி இறங்கியது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. அந்தக் காய்ச்சல் மூன்றாம் நாள் தானாகவே இறங்கிவிடும் காய்ச்சல். ஊசி போட்டாலும் இறங்கும், போடாவிட்டாலும் இறங்கும். நாங்கள் எல்லாரும் சேர்ந்து இறங்குகிற நேரம் பார்த்து ஊசி போட்டு, பெயரை ஊசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்படி வருடக் கணக்கில் நடந்தது. பன்னிரண்டு வயதில் வயிற்றுவலி பொறுக்காமல் குடல்வால் என்று ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த குடல்வால் நன்றாகவே இருந்ததாம். ஆபரேஷனுக்கு அடுத்த மாதமும் அதே வலி வந்தது. நடுவில் இலக்கியாவுக்கும் ஆரம்பித்தது.

"எங்க வூட்டுக்குன்னே மாசா மாசம் டைபாய்டு வருதே, ஏங்க?" என்று வசந்தா ஒருநாள் கேட்டாள்.

நான் கூட்டத்தின் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மொதல்ல ஒங்க வூட்டுத் தண்ணிய மாத்து. எந்தச் சாக்கடையக் குடிக்கிறீங்களோ!"

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, உத்தரவாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கேன் தண்ணீர். குடத்தை மாற்றினாள், தொட்டியைக் கழுவினாள், பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சிய தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். செல்வராசு தன் உடம்பில் ஒட்டி வரும் மண் தூசிதான் காரணம் என்று முடிவு செய்து, பட்டறை உடுப்பைக் கழற்றி வாசலில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாராம். வேலை விட்டு வந்ததும் பிள்ளைகளைத் தூக்குவதையே விட்டுவிட்டார். இதையெல்லாம் பின்னால் கேட்டபோது எனக்கு என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

3. தயிர்

பிரபுவுக்குப் பதினேழு வயது ஆனபோது ஒரு திங்கட்கிழமை காலை காய்ச்சல் இல்லாமல் வந்தான். செருப்பு ஏறாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை. டாக்டர் சீட்டில் யூரின் மட்டும் எழுதியிருந்தார்.

யூரின் மட்டும் என்றால் ஃபீவர் பேக்கேஜ் ஃபார்மட் திறக்காது. தனியாகச் செய்தாக வேண்டும். விளக்கைத் துடைத்து ஏற்றி ட்யூபைக் காட்டினேன். மேல் பாகம் வெள்ளையாகி, கண் முன்னால் தயிராக உறைந்தது. ஆசிட் விட்டேன், கரையவில்லை. இன்னொரு ட்யூபில் திரும்பச் செய்தேன். அதுவும் தயிர். நாலு பிளஸ் என்று எழுதினேன், அதற்கு மேல் அளவு கிடையாது.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரில் பிரபுவின் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன். இருபத்தாறு இருந்தன. இருபத்தாறிலும் ஆல்புமின் நெகட்டிவ். கீழே என் கையெழுத்து. ஆரம்பத்தில் சிலவற்றைச் செய்திருப்பேன். கடைசி நாலு வருடத்தில் ஒன்றைக்கூட விளக்கில் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். இப்படி உறையும் அளவுக்கு ஒழுகுவது ஒரே ராத்திரியில் வருவது கிடையாது. மெதுவாகத்தான் ஏறியிருக்கும். அந்தக் கப்புகளில் அது இருந்திருக்கும். நான் பார்க்காமல் கொட்டியிருக்கிறேன்.

4. முதல் பக்கம் மட்டும்

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்த்ததில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். அந்த வயதில் அமிலாய்டு ஏன் வந்தது என்று விடாமல் குடைந்திருக்கிறார். வசந்தா காய்ச்சல் கதையைச் சொன்னதும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்.

"எத்தனை நாள் இருக்கும்னு கேட்டாங்க. மூணு நாள்னேன். எப்பவுமேவான்னாங்க. எப்பவுமேன்னேன். பழைய ரிப்போர்ட்டெல்லாம் வேணுமாம், லேப்பம்மா. எங்கிட்ட இருந்தது வூடு மாறும்போது போயிடுச்சு. நீங்க எடுத்துக் குடுங்க."

பிரிண்ட் கொடுக்க உட்கார்ந்தேன். இனி எழுதுவதை மூன்று முறை எழுதி அடித்திருக்கிறேன். முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். இருபத்தாறு முதல் பக்கம். இரண்டாம் பக்கம் எல்லாம் நெகட்டிவ், திடீரென்று நாலு பிளஸ் என்றால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இரண்டாம் பக்கம் எங்கே என்று வசந்தாவுக்குக் கேட்கத் தெரியாது. அந்த டாக்டரம்மா கேட்டு அனுப்பினார். "யூரினெல்லாம் சிஸ்டத்துல அழிஞ்சிடுச்சு" என்று வசந்தாவிடம் சொன்னேன். சரிங்க என்று போய்விட்டாள். எங்கள் தொழிலில் தப்பு செய்வது ஒரு பாவம். தப்பை மறைக்க ரிப்போர்ட்டைப் பிடித்துவைப்பது அதைவிடப் பெரிய பாவம். இரண்டையும் ஒரே பையனுக்குச் செய்தேன்.

5. அச்சு

நாலு பேருக்கும் ஜீன் டெஸ்ட் எழுதியிருந்தார்கள். ரத்தம் எடுத்தது நான்தான். ஊதா மூடி போட்ட நாலு ட்யூபையும் ஐஸ் பையில் வைத்துக் கூரியரில் அனுப்பினேன். சில வாரம் கழித்து முடிவு வந்தது. புதுச்சேரியில் விளக்கம் கேட்டுவிட்டு, பாதி புரியவில்லை என்று புருஷனும் பெண்சாதியும் நேராக என்னிடம் வந்தார்கள். அந்த நம்பிக்கை எனக்கு முள்ளாகக் குத்தியது.

எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். எம்.இ.எஃப்.வி என்று ஒரு ஜீன். அது பைரின் என்ற புரதத்தைச் செய்கிறது. உடம்பில் கிருமி வந்தால் மணி அடித்துக் காய்ச்சலைக் கிளப்பும் காவல்காரன் அது. அந்த ஜீனில் ஓர் எழுத்து பிசகிவிட்டால் கிருமி வராமலே மணி அடிக்கும். மூன்று நாள் அடித்துவிட்டு நிற்கும். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். அதுதான் வருடக் கணக்கில் கிட்னியில் போய்ப் படிந்தது. பரம்பரையாக வரும் அரிய நோய். ஒவ்வொருவருக்கும் அந்த ஜீன் இரண்டு பிரதி, அம்மாவிடம் இருந்து ஒன்று, அப்பாவிடம் இருந்து ஒன்று. ஒன்று மட்டும் பிசகியிருந்தால் பொதுவாக ஒன்றும் தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இரண்டு பிரதியிலும் அதே எழுத்து பிசகி இருக்கிறது.

செல்வராசு கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் வெள்ளை மண்.

"நாங்க பொம்ம வார்க்குறது ரெண்டு பாதி அச்சுலங்க" என்றார். "ஒரு பாதியில கீறல் இருந்தா தேச்சு எடுத்துடலாம், தெரியாது. ரெண்டு பாதியிலயும் அதே எடத்துல கீறல் இருந்துச்சுன்னா, பாக்க நல்லா இருக்கும், சூளையில வச்சதும் வெடிச்சு வுட்டுடும். அதுங்களா?"

"அதுதாங்க" என்றேன். நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

"வசந்தா எங்கக்கா மவ. எங்கக்கா கேட்டுச்சுன்னுதான் கட்டுனேன். ரெண்டும் ஒரே வூட்டு அச்சு" என்றார். வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுத்து பிசகுனது யாரும் செஞ்ச தப்பு இல்லீங்க. ஒங்களுக்குத் தெரிய வழியே இல்ல" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உள்ளே ஒன்று கேட்டது.

இதற்கு மாத்திரை இருக்கிறது, கோல்சிசின். புது மருந்து இல்லை, யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் பழைய மருந்து. எங்கள் லேபுக்கு எதிர் மெடிக்கலில் எப்போதும் இருக்கும். தினமும் போட்டால் காய்ச்சல் வருவது அடங்கும், கிட்னியில் படிவதையும் தடுக்கும். இலக்கியா போட ஆரம்பித்தாள். அவளுக்கு இன்னும் ஒழுக ஆரம்பிக்கவில்லை. பிரபுவுக்கும் கொடுத்தார்கள், டாக்டர் பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்துத்தான். அவனுக்குக் காய்ச்சல் நின்றது. கிட்னி நிற்கவில்லை.

6. வாயைக் கட்டு

இந்த வருட ஆரம்பத்தில் பிரபுவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் இரண்டு நாள் புதுச்சேரி பஸ். ஐ.டி.ஐ. படிப்பு பாதியில் நின்றது. வசந்தா ஒருநாள் இலக்கியாவின் யூரினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"எப்பலருந்து ஒழுவுதுன்னு யாருக்கும் தெரியலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா கிட்னிய காப்பாத்தியிருக்கலாமாம். எம் புருசன் தெனமும் சொல்லிச் சொல்லி அழுவுது, லேப்பம்மா. காலு வீங்குற வரைக்கும் பெத்தவங்க நாம பாக்காம வுட்டுட்டோமேன்னு."

டெஸ்ட் செய்து, நெகட்டிவ், நிஜ நெகட்டிவ், கொடுத்து அனுப்பினேன். பிறகு முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "யாருட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லங்க."

"அப்ப வாயக் கட்டிக்கிட்டு இருங்க. நீங்க சொன்னா அந்தப் பையனுக்குக் கிட்னி வந்துடுமா? லேபுக்குப் பூட்டுதான் வரும். இத்தன வருசம் இருந்துட்டுப் போற நேரத்துல ஏங்க வம்பு?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நானும் ஒரு மாதம் அதையே பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்வராசு மகனைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுக்கொண்டிருப்பதை ஒருநாள் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். செய்யாத தப்புக்கு அந்த மனிதர் அழுகிறார், செய்தவளைக் கும்பிடுகிறார். அதற்கு மேல் தாங்கவில்லை.

7. பிராது

அடுத்த முறை வசந்தா இலக்கியாவோடு வந்தபோது, பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு இவளை உள்ளே கூப்பிட்டேன். இருபத்தாறு இரண்டாம் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன்.

"வசந்தா, இது அழியல. நாந்தான் குடுக்கல" என்று ஆரம்பித்தேன். பார்க்காமல் நெகட்டிவ் போட்டதைச் சொன்னேன். நாலு வருடம் என்று சொன்னேன். "ஒம் புருசன் பாக்காம வுடல. நான் பாக்காம வுட்டேன்."

அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொன்றின் கீழேயும் இருந்த என் கையெழுத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். திட்டுவாள் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காகிதங்களை அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினாள்.

"மணவாளநல்லூர்ல கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருந்தேங்க."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் செய்வது அது. போலீசுக்கு மனு எழுதுவது போலத் தன் குறையைச் சீட்டில் எழுதி, முருகன் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். குற்றம் செய்தவரைச் சாமி கேட்கும் என்று நம்பிக்கை. குறை தீர்ந்தால் திரும்பப் போய் அதை வாபஸ் வாங்க வேண்டும்.

"மொதல்ல யாரோ செய்வின வச்சுட்டாங்கன்னு நெனச்சேன். யாருன்னு தெரியாததால பேரு போடல. எம் புள்ளைக்கு இதச் செஞ்சவங்க யாரா இருந்தாலும் அவங்கள நீயே கேளு சாமின்னு எழுதிக் கட்டுனேன். அப்புறம் ஜீன் ரிப்போர்ட்டு வந்துச்சு. ஐயோ, செஞ்சது நாங்கதான், பெத்தவங்க மேலயே பிராது கட்டிட்டேனேன்னு பதறி ஓடிப்போயி வாபஸ் வாங்குனேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாங்க."

மன்னிச்சிடு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பையில் இருந்து இலக்கியாவின் கப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன். என் கண்ணு முன்னாடி பண்ணுங்க."

விளக்கை ஏற்றினேன். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மேல் பாகத்தைக் காட்டினேன், கலங்கவில்லை. ஆசிட்டும் விட்டுக் காட்டினேன். ட்யூபை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தானே பார்த்தாள். பிறகு இருபத்தாறு காகிதத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

அந்தக் காகிதங்களைப் புதுச்சேரியில் கொடுத்தார்கள். செல்வராசு இப்போது என்னைக் கும்பிடுவதில்லை. பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அதுதான் சரி. முதலாளி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஃபார்மட்டில் அந்த இரண்டாம் பக்கத்தைக் காலியாக மாற்றச் சொல்லிச் சண்டை போட்டு மாற்ற வைத்தேன். இப்போது டைப் அடித்தால்தான் எழுத்து வரும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும்.

வாரத்தில் மூன்று நாள் இன்னும் லேபுக்குப் போகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீ பார்க்காததை எழுதாதே. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் எத்தனை நாள் இருந்தது, எத்தனை நாள் கழித்து வந்தது என்று கேட்டு டாக்டரிடம் சொல். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல். ஒரு நாள் தள்ளினால் வேறு யாரோ அதைத் தலையில் சுமக்கிறார்கள்.

வசந்தா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். வேறு லேபுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கப்பை வைத்துவிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் ட்யூபைச் சூடு காட்டி அவள் கையில் கொடுப்பேன். அவள் பார்த்து, "தெளிவா இருக்குது" என்று சொன்ன பிறகுதான் நான் எழுதுவேன்.